மைஸ்க்யூஎல் டிரைவரை மாற்றினேன், ஐந்தரை மணி நேரம் நகர்ந்துவிட்டது

ஜாவா புராஜெக்ட்டில் மைஸ்க்யூஎல் கனெக்டரை (ஜாவா நிரலை மைஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர்) 5.1-லிருந்து 8.0-க்கு மாற்றப் போகிறவர்கள், அதிலும் டேட்டாபேஸ் சர்வரை இந்திய நேரத்தில் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

ஒரு ஸ்கேன் சென்டரின் அப்பாயிண்ட்மென்ட் மென்பொருள் என் பொறுப்பில் இருக்கிறது. பழைய டிரைவரை இனி வைத்திருக்கக் கூடாது என்று ஆடிட்டில் எழுதிவிட்டார்கள். வெளி லைப்ரரிகளை எடுக்கும் எங்கள் ரெப்பாசிட்டரியில் அனுமதி இருந்தது 8.0.20 வரைதான். அதற்கு மேல் கேட்டால் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். சரி, அதுவே போதும் என்று இறங்கினேன். டிரைவர் கிளாஸ் பெயரில் 'சிஜே' சேர்த்தது, பூஜ்யத் தேதிக்கான 'கன்வெர்ட்-டு-நல்' செட்டிங்கைப் பெரிய எழுத்துக்கு மாற்றியது எல்லாம் பத்து நிமிட வேலை.

அப்ளிகேஷன் எழுந்திருக்கவில்லை. சர்வரின் நேர மண்டலம் 'ஐஎஸ்டி' என்று இருக்கிறது, அது புரியவில்லை அல்லது ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்கிறது என்று எரர். டிரைவர் சொல்வது நியாயம்தான். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்குமே அந்தச் சுருக்கம் உண்டு. தேடினால் கண்ணில் பட்ட பதில்களில் பாதி ஒரே மருந்தைச் சொல்லின: கனெக்‌ஷன் யுஆர்எல்லில் சர்வர்டைம்ஸோன் யுடிசி (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்று சேர். சேர்த்தேன், எழுந்துவிட்டது. காலை 10 மணிக்குப் புதிதாக ஒரு அப்பாயிண்ட்மென்ட் போட்டுத் திறந்து பார்த்தேன், 10 மணி என்றே காட்டியது. சனி இரவு ரிலீஸ் செய்துவிட்டேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ரிசப்ஷன் அக்காவின் போன். "தம்பி, பத்து மணி ஆளுங்க எல்லாருக்கும் மூணரைன்னு காட்டுது. இங்க உட்கார்ந்திருக்காங்கப்பா."

வயிற்றைக் கலக்கியது. நடந்தது இதுதான். டேபிளில் கிடப்பது இந்திய நேரம். அதை யுடிசி என்று நான் சொல்லிவிட்டதால், படிக்கும்போது டிரைவர் ஐந்தரை மணி நேரம் கூட்டுகிறது, எழுதும்போது கழிக்கிறது. நான் போட்ட புது அப்பாயிண்ட்மென்ட் கழித்து எழுதப்பட்டு, கூட்டிப் படிக்கப்பட்டதால் சரியாகத் தெரிந்தது. அந்த டெஸ்ட்டை நூறு முறை ஓட்டினாலும் இந்தத் தவறு சிக்காது. டேபிளை நேரடியாகப் படிக்கும் எஸ்எம்எஸ் ஸ்கிரிப்ட்டோ, ஞாயிறன்று பதிவு செய்தவர்களுக்கு "நாளை அதிகாலை 4.30-க்கு வரவும்" என்று அனுப்பியிருந்தது. ஒரு பெரியவர் நிஜமாகவே ஐந்து மணிக்கு வந்து பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறார். அதைக் கேட்டபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

யுடிசியை எடுத்துவிட்டு ஆசியா/கொல்கத்தா என்று போட்டதும் பழைய பதிவுகள் சரியாகிவிட்டன. ஆனால் இடையில் எழுதியவற்றைத் திருத்தியதில்தான் அன்றைய பொழுது முழுக்கப் போனது. மொத்தமாக ஒரு அப்டேட் போட்டு ஐந்தரை மணி நேரம் கூட்டிவிடாதீர்கள். 'பதிவான நேரம்' என்கிற நெடுவரிசையை மைஸ்க்யூஎல்லே தானாக நிரப்புகிறது, அது தவறவே இல்லை. எனக்குத் துப்பு கிடைத்ததும் அங்கேதான்: ஒரே வரியில் பதிவான நேரம் சரி, ஜாவா எழுதிய நேரம் தப்பு. மூன்றரை என்று பார்த்துவிட்டு அக்கா கையால் பத்து என்று மாற்றிய பழைய பதிவுகளும் 4.30 ஆகியிருந்தன. அவர்கள் பேனாவால் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தோடு 41 வரிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அந்த நோட்டு இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

8.0.23-லிருந்து, எதுவும் குறிப்பிடாவிட்டால் ஜேவிஎம்மின் (ஜாவா நிரல் ஓடும் சூழல்) நேர மண்டலத்தையே டிரைவர் எடுத்துக்கொள்கிறது, இந்த எரரே வராது. அனுமதிக்கு இரண்டு வாரம் ஆனாலும் காத்திருந்து அதற்கே போங்கள். 8.0.31 முதல் மேவனில் (ஜாவா லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவி) பெயரும் 'மைஸ்க்யூஎல்-கனெக்டர்-ஜே' என்று மாறிவிட்டது, அந்தப் பெயரிலேயே அனுமதி கேளுங்கள். எதற்கு மாறினாலும், மாற்றுவதற்கு முன்பே டேபிளில் இருந்த ஒரு வரியைத் திறந்து அதன் நேரத்தைப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.