கடைக்குட்டி கைக்கு எட்டிய துப்பாக்கி

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்கு டவுனில் கடை போட்டிருந்தார்கள். வளையல் கடை, பஜ்ஜிக் கடை, ராட்டினம் எல்லாம் தாண்டி ஓரமாக ஒரு பலூன் சுடும் கடை. பத்துக் குண்டு ஐம்பது ரூபாய். என் மகன் பத்தும் விட்டான், இரண்டு பலூன் உடைந்தது. மகளுக்குத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிப்பதே பெரும்பாடு, ஒன்றும் படவில்லை. “இப்ப நீ சுடும்மா, பாப்போம்” என்று என்னைத் தள்ளிவிட்டான் பையன், தன் இரண்டுக்குத் துணை தேடி.

முதல் இரண்டு குண்டும் எனக்கும் வலது பக்கமே போயின. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தேன். குறி பார்ப்பதற்காகக் குழல் நுனியில் இருக்கிற முன் சைட் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. அது இடப்பக்கம் சாய்ந்தால் குண்டு வலப்பக்கம்தான் போகும். மூன்றாவது குண்டிலிருந்து பலூனின் இடது ஓரத்தைக் குறியாக வைத்தேன். மீதி எட்டும் உடைந்தன. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யக்கா, போலீஸா?” என்றார்.

போலீஸ் இல்லை. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு. ஆனால் 2003-ல் பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன். பாயின்ட் டூ டூ ரைபிள், குப்புறப் படுத்து, இருபத்தைந்து மீட்டரில் ஐந்து குண்டு. ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் கணக்கு, அதற்குக் குரூப்பிங் என்று பெயர். நடுவில் விழாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒரே இடத்தில் விழுந்தால் சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆளுக்கொரு மூலையில் விழுந்தால்தான் சுடுகிறவரிடம் கோளாறு. இதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. சொல்ல என்ன சந்தர்ப்பம் வந்தது?

அந்தத் திருவிழா முடிந்து சில வாரத்தில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். மனு பாக்கர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம். ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் ரைபிளில் ஒன்று. என் மகன் டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. “அம்மா, நாமளும் ஒண்ணு வாங்குவோம்” என்று ஆரம்பித்தான். நான் ‘ஏல, சும்மா கெட’ என்றேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

குசாலே சுட்டது பாயின்ட் டூ டூ. குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். நான் காலேஜில் பிடித்ததும் அதே ரகம் என்பதால் முதலில் மனம் அங்கேதான் போனது. ஆனால் அது வெடிமருந்துத் துப்பாக்கி, உரிமம் இல்லாமல் தொடவே முடியாது. கடையம் பக்கம் மலையடிவாரத்தில் என் சித்தப்பா ஒருவர் பயிர்க்காவலுக்கு ஒற்றைக் குழல் வைத்திருக்கிறார். மனு, போலீஸ் விசாரணை, புதுப்பிப்பு என்று அலைவதைப் பார்த்திருக்கிறேன். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். அலைச்சலைக்கூட விடுங்கள். பாயின்ட் டூ டூவின் அந்தச் சின்னக் குண்டு கைதவறிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே போகும். எங்கள் புறவாசலுக்கு அப்பால் வாழைத்தோப்பு, அதற்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலில் துவைக்கிற ஆட்கள். அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

மிச்சம் ஏர் ரைபிள், வெடிமருந்து இல்லாமல் காற்றின் அழுத்தத்தில் சுடுவது. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால், 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக்ஸில் பத்து மீட்டருக்குச் சுடுவதும் இதே 4.5 தான். உரிமம் வேண்டாம் என்பதால் இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போனது போனதுதான். இதை வீட்டில் மூன்று தடவை சொன்னேன், நான்காவது தடவை மகளே என்னிடம் ஒப்பித்தாள்.

கடைக்குப் போவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்தேன். துப்பாக்கியை வாங்கிவிட்டு அப்புறம் இடம் தேடினால் மொட்டை மாடிதான் கிடைக்கும், அது வேண்டவே வேண்டாம். மாமனார் வீடு பத்தமடைக்குப் பக்கத்தில். பின்னால் பழைய மாட்டுத் தொழு. மாடு விற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இப்போது தேங்காயும் புளி மூட்டையும் கிடக்கின்றன. டேப் வைத்து அளந்தேன், முப்பத்தாறு அடி. பத்து மீட்டர் என்பது முப்பத்துமூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று பக்கம் சுவர், ஒரே வாசல், அந்த வாசலும் சுடுகிறவர் முதுகுக்குப் பின்னால். இதைவிட என்ன வேண்டும்? “ஏளா, தொழுவுல துப்பாக்கியா?” என்று அத்தைதான் நெஞ்சில் கை வைத்தார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி என்றால் மணியாச்சிதான். 1911-ல் வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்ட கதையை அவர்கள் ஆச்சி சொல்லச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்க ஒரு சாயங்காலம் ஆனது.

துப்பாக்கி வாங்க மதுரைக்குப் போனோம், பிள்ளைகள் இரண்டும் நானும். வீட்டுக்காரர் வரவில்லை, ‘நீயே பாரு, உனக்குத்தான தெரியும்’ என்றார். அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் பெருமை.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது கடையிலேயே சக்தி அதிகமானது. தேக்கு நிறக் கட்டை, மேலே டெலஸ்கோப், பார்க்கவே படத்தில் வருகிற மாதிரி. மகன் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. “மேடம், இருக்குறதுலயே ஸ்பீடு இதுதான்” என்றார். காகிதத்தில் ஓட்டை போட எவ்வளவு வேகம் வேண்டும்? ஒலிம்பிக்ஸ் ரைபிளே நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில்தான் குண்டை அனுப்புகிறது. கூடுதல் வேகத்துக்கு, உள்ளே காற்றை அழுத்துகிற ஸ்பிரிங் கூடுதல் கனமாக வேண்டும். கனமான ஸ்பிரிங் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கக் கூடுதல் பலம் வேண்டும், சுடும்போது உதறலும் கூடும்.

மகளைக் கூப்பிட்டு மடக்கச் சொன்னேன். பன்னிரண்டு வயது, ஒல்லி. குழலைப் பிடித்துத் தொங்கினாள், பாதிதான் வந்தது. முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். “பாப்பாவுக்கு நீங்க மடக்கிக் குடுக்கலாமே மேடம்” என்றார் கடைக்காரர். மடக்கிக் கொடுக்கலாம்தான். ஆனால் நான் மடக்கி, நான் குண்டு வைத்து, அவள் ட்ரிக்கரை மட்டும் இழுத்தால் அது பலூன் கடை. அதற்கு வீட்டில் எதற்கு ஒன்று?

அப்புறம் வரிசையாக ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் கவனித்தது மூன்று விஷயம்தான். அவளால் தனியாக மடக்க முடிகிறதா. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் ட்ரிக்கருக்கு நீட்டாமல் எட்டுகிறதா. நின்று தோளில் வைத்து நான் இருபது எண்ணும் வரை முன்பக்கம் தாழாமல் பிடிக்கிறாளா. ஐந்தாவதாக வந்தது கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட, பார்க்க ஒன்றுமில்லாத துப்பாக்கி. இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இருபதைத் தாண்டி முப்பது வரை எண்ணினேன், அசையவில்லை. “இதாம்மா” என்றாள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியவன் சின்னதைப் பிடித்துச் சுடலாம், சின்னவள் பெரியதைப் பிடிக்க முடியாது, வீட்டில் வாங்கப்போவது ஒன்றுதான். அவனுக்கும் இது புரியாமல் இல்லை, ஆசை விடவில்லை.

ஆதாரும் பான் கார்டும் கொடுத்தேன், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் உள்ளே முடிந்தது. பேரத்துக்குப் பதிலாக ஒரு சின்ன டெலஸ்கோப்பை இலவசமாகச் சேர்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கணும், மகன் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் நீளப் பெட்டியைப் பார்த்து, “என்னக்கா, ஸ்கிரீன் மாட்டுற கம்பியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

குண்டு தடுக்க ஒரு பழைய மரப்பெட்டி. உள்ளே தென்னை நார், கிழிந்த கோணி, பழைய துணி எல்லாம் இறுக்கித் திணித்து, பின்னால் மணல் மூட்டை. வெறும் சுவரில் சுடக்கூடாது, ஈயக் குண்டு தெறித்துத் திரும்பி வரும். அதோடு, கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் தொழுவுக்குள் வரக்கூடாது என்றும் வைத்திருக்கிறேன். குறித்தாளில் வெளி வளையம் 45.5 மில்லிமீட்டர் அகலம், அதன் நடுவில் இருக்கிற பத்து மார்க் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். முதல் நாள் மகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “யம்மா, இது பேனா பட்ட மாதிரில்லா இருக்கு” என்றாள்.

முதல் மாதம் இரண்டு கூத்து. இலவச டெலஸ்கோப் முதல் கூத்து. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்துவிட்டு உடனே முன்னாலும் இழுக்கும். அந்த இரட்டை உதறலைத் தாங்கவென்று செய்த டெலஸ்கோப் வேண்டும். இது தாங்கவில்லை. கிளிப்பு நகர்ந்து நகர்ந்து பின்னால் வர, தினம் குண்டு ஒரு புது இடத்தில் விழுந்தது. நான் என் பிடியில்தான் குறை என்று பத்து நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கழற்றிப் போட்டுவிட்டுத் துப்பாக்கியோடு வந்த சாதா சைட்டில் சுட்டதும் ஐந்து குண்டும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அளவுகோல் நாணயம்தான். பத்து ரூபாய் மூடினால் நல்லது, ஒரு ரூபாய் மூடினால் அன்றைக்கு அல்வா.

இரண்டாவது கூத்து, வீட்டுக்காரர் உபயம். துப்பாக்கி கிறீச்சிடுகிறதே என்று நல்லெண்ணம் வைத்து, தையல் மெஷின் எண்ணெயைக் குழல் வழியாகத் தாராளமாக விட்டிருக்கிறார். மறுநாள் மகன் சுட்டதும் ‘டமார்’ என்று ஒரு சத்தம், குழல் நுனியில் நீலப் புகை, கருகல் வாடை. உள்ளே காற்று அழுந்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டுவிட்டது, டீசல் இஞ்சின் மாதிரி. பக்கத்து வீட்டு மதினி தோசைக் கரண்டியோடு ஓடி வந்தார்கள். அதன்பிறகு எண்ணெய்க் குப்பி என் பீரோவில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் பூட்டி இருக்கிறது. குண்டு இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரை இழுப்பதும் ஸ்பிரிங்குக்குக் கேடு என்பதை அன்றைக்கே அவருக்கும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

தட்டைத் தலைக் குண்டுதான் வாங்குகிறோம், காகிதத்தில் வட்டமாக வெட்டின மாதிரி ஓட்டை விழும். கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழிக்கும், பிறகு அது ஒன்பதா எட்டா என்று அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்வார்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவில் கை வைக்கக்கூடாது. மடக்கின குழலை, குண்டு வைத்து மூடும் வரை ஒரு கையால் பிடித்தே இருக்கணும். ஸ்பிரிங் நழுவினால் குழல் அறைந்து மூடும், நடுவில் இருக்கிற விரல் நசுங்கும்.

துப்பாக்கி வந்த செய்தி தெருவில் பரவியதும் இரண்டு பையன்கள் வந்தார்கள், கொக்கு அடிக்க இரவல் கேட்டு. மாமாதான் திண்ணையில் இருந்தார்கள். எழுந்திருக்கக்கூட இல்லை. “கூந்தன்குளத்துக்காரன் பறவைக்காகத் தீவாளிக்கு வெடி போடாம இருக்கான். நீ கொக்கு அடிக்கப் போறியா? வீட்டப் பாத்துப் போல” என்றார்கள். கொக்கு மயில் எதையும் தொடக்கூடாது, சட்டமும் விடாது. அதை நான் சொல்லியிருந்தால் பையன்கள் நின்று வாதாடியிருப்பார்கள்.

இப்போது ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொழு திறக்கும். ஆளுக்கு இருபது குண்டு, அதற்கு மேல் கிடையாது. மகன் வேகம், படபடவென்று முடித்துவிடுவான். மகள் ஒரு குண்டுக்கு ஒரு நிமிஷம் எடுப்பாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, சரியாக அமையவில்லை என்றால் துப்பாக்கியைத் தாழ்த்தி மறுபடி ஆரம்பிப்பாள். நான் சொல்லித்தரவில்லை. சென்ற மாதம் ஒரு ரூபாய் நாணயம் மூடியது, அவளுடையது. மகன் நாணயத்தைத் தாளில் நான்கு தடவை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே அல்வா வாங்கப் போனான்.

படுத்துச் சுட என்.சி.சி. ஞாபகத்தில் நான் விரித்திருந்தது பத்தமடைப் பாய், எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. போன வாரம் அத்தை அதைப் பார்த்துவிட்டார்கள். முழங்கை படுகிற இடத்தில் இரண்டு பக்கமும் கோரை நைந்திருந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வாரம் சந்தையில் முரட்டுப் பாய் ஒன்று வாங்கணும்.