இரண்டு பிளக், இரண்டு கட்சி

என் பழைய பைக்குக்கு இரண்டு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்ப ஆளுக்கொரு கார்புரேட்டர். இப்படி ஒரு வண்டியை வைத்திருப்பவர் வீட்டில் மாமனாரும் பக்கத்து வீட்டு சாரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கக் கூடாது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் நிற்கும்போது, நொண்ட ஆரம்பித்திருந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். முறுக்கியதை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கும். புகையை முகர்ந்து பார்த்த மாமா, "பெட்ரோல் ஜாஸ்தி மாப்ளே, வாசனையே சொல்லுதே" என்றார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சார், "வெடிக்குதுன்னா எங்கேயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம் தம்பி. பெட்ரோல் கம்மி" என்றார். அவ்வளவுதான், வண்டி யாருடையது என்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

சரி, வாசனையை வைத்தும் சத்தத்தை வைத்தும் சண்டை போடுவதைவிட சிலிண்டருக்குள் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மேல் என்று இரண்டையும் கழற்றினேன். கழற்றியிருக்கவே வேண்டாம். வலது பிளக் கன்னங்கரேல். இடது பிளக் வெள்ளை வெளேர். கறுத்தால் பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்தால் கம்மி என்பது கணக்கு. மாமா கறுப்பை எடுத்துக்கொண்டார், சார் வெள்ளையை எடுத்துக்கொண்டார். இருவர் கையிலும் ஆதாரம்.

கறுப்பிலும் இரண்டு வகை உண்டு. விரலால் தேய்த்தால் வறண்ட பொடியாக வந்தால் அது பெட்ரோல் கரி. பிசுபிசுவென்று எண்ணெயாக ஒட்டினால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் கசிகிறது என்று பொருள். அப்போது கார்புரேட்டரைத் தொட்டுப் புண்ணியமில்லை. என்னுடையது வறண்ட பொடி. ஆனால் வறண்ட கரி வந்தாலே கார்புரேட்டர்தான் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் சரியாக எரியாமல் இதே கறுப்பு வரும். இரண்டு சிலிண்டர் வண்டியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. சுத்தம் செய்த பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினேன், வலதுபக்கம்தான் மறுபடி கறுத்தது. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களையும் இடம் மாற்றினேன். அப்போதும் வலதுதான். குறை பிளக்கோடும் போகவில்லை, காயிலோடும் போகவில்லை. ஆக, மின்சாரத்துக்கு விடுதலை.

அதற்குள் மாமா ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். கார்புரேட்டரில் ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினால் பெட்ரோல் குறையும் என்றார். "கூடும் சார்! என் வண்டியில அப்படித்தான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இதில் இரண்டு பேருமே சரி. ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, முடுக்கினால் குறையும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, முடுக்கினால் காற்று குறைந்து கலவையில் பெட்ரோல் கூடும். என் வண்டியில் எஞ்சின் பக்கம். மாமா சாரை ஒரு பார்வை பார்த்தார்.

திருகுவதற்கு முன்னால் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நின்றது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அது மட்டும் செய்துவிட்டால் மாமா எவ்வளவு திருகினாலும் எனக்குக் கவலையில்லை. அவர் திருகினார். முழுக்க உள்ளே முடுக்கினார். எஞ்சின் துளியும் மாறவில்லை. அவருக்கு முகம் சுருங்கிப்போனது, ஆனால் எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய தடயமே அதுதான். ஐடிலிங்கில் பெட்ரோல் வரவேண்டிய வழியை அடைத்தும் சிலிண்டர் சளைக்காமல் குடிக்கிறது என்றால் அதற்கு வேறு எங்கிருந்தோ ஊற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் சார் தண்ணீர் ஸ்பிரேயோடு இடதுபக்கம் குந்திவிட்டார். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரின் மேல் பீய்ச்சினார். அதில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும். ஐடிலிங் சட்டென்று மாறி, மறுபடி பழைய நொண்டலுக்கு வந்தது. (கார்ப் கிளீனரை அடித்தும் இதைப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் எரியக்கூடிய திரவத்தை அடிக்க எனக்கு தைரியம் இல்லை.) ரப்பரைக் கழற்றி வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் நீளமாக ஒரு வெடிப்பு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று போதும். இடது சிலிண்டர் அதற்கு மேலும் ஓசியில் இழுத்துக்கொண்டிருந்தது. சார் அந்த ரப்பரைக் கையில் பிடித்தபடி மதிலோரம் ஒரு நடை போய்வந்தார்.

மாமாவை அப்படியே விடக்கூடாது என்று வலது கார்புரேட்டரில் சோக்கின் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் பிளஞ்சரைக் கழற்றினேன். அதன் நுனியிலிருந்த ரப்பர் இறுகிப்போய், வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. சோக்கை மூடினாலும் வழி மூடவில்லை. குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டும் போகவேண்டிய கூடுதல் பெட்ரோல் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. காலையில் சோக் போடாமலே வண்டி ஸ்டார்ட் ஆகிறதே என்று நான் பெருமைப்பட்டதற்கும் இதுதான் காரணம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் என்ன சொன்னேன்?"

புது ரப்பர், புது பிளஞ்சர். மிச்சம் இருந்தது இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் திறக்கும்படி சமன்செய்வது. கண்ணாடி மாதிரி தெரியும் நீளமான டியூபில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு வளைத்துத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் இரண்டு பக்க வேக்யூம் துளைகளில் மாட்டினோம். எந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகமோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டியூபில் பாதியைத் தாண்டிவிட்டது. இன்னும் விட்டால் எஞ்சினே அதைக் குடித்துவிடும். "ஆஃப் பண்ணுங்க மாப்ளே!" "ஆஃப் பண்ணு தம்பி!" என்று முதல்முறையாக இருவரும் ஒரே கருத்துக்கு வந்தார்கள். அப்புறம் சமன்செய்யும் ஸ்க்ரூவைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருக, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிக் காட்டினேன். இரண்டும் ஒரே பழுப்பு. சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுல வலது பக்கத்துது எது மாப்ளே?" என்றார்.

கலந்துவிட்டது, தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.