மிதித்தும் வேகம் எடுக்காத டீசல் கார்: பி2138 என்ற கோளாறுக் குறியீட்டைத் தேடிய குறிப்புகள்

கார் 2009-இல் பதிவான டீசல் ஹேட்ச்பேக். காமன் ரெயில் எஞ்சின், ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கோளாறு இதுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டர் செத்துவிடும். எஞ்சின் அணையாது, புகை கக்காது, திணறவும் திணறாது. ஆர்பிஎம் 1,250-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். பெடலைத் தரையோடு மிதித்தாலும் முள் அசையாது. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து, சற்று விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில், செங்கல்பட்டுக்கு அப்பால் பாலாற்றுப் பாலத்தின் மேல் இது நடந்த பிறகுதான் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு முடிவுக்கு வந்தது.

அந்த 1,250 என்ற எண்தான் முதல் துப்பு. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் ஏற்றத்தில் இழுவை குறையும், எஞ்சின் குலுங்கும். டர்போ ஹோஸ் கழன்றிருந்தால் கரும்புகை வரும். இரண்டிலும் பெடலை மிதித்தால் கொஞ்சமாவது குரல் மாறும். இங்கே பெடல் என்று ஒன்று இருப்பதையே எஞ்சின் மறந்துவிடுகிறது. ஆக, டீசல் வரும் வழியில் தேடுவது வீண்.

இந்த வகைக் கார்களில் பெடலிலிருந்து எஞ்சினுக்கு இழுக்கும் கம்பிக் கேபிள் எதுவும் போவதில்லை. பெடலுக்குள் பழைய ரேடியோவின் வால்யூம் திருகைப் போன்ற இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாக 5 வோல்ட், தனித்தனி எர்த், தனித்தனி சிக்னல். மொத்தம் ஆறு ஒயர்கள். முதல் சென்சார் காட்டும் வோல்ட்டில் சரிபாதியை இரண்டாவது காட்ட வேண்டும். அந்தக் கணக்கு பிசகினால் கட்டுப்பாட்டுக் கணினி, அதாவது இ.சி.யு., இரண்டையும் நம்பாது. ஐடிலுக்கு, அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்துக்கு, சற்று மேலே ஒரு வேகத்தைப் பிடித்துவைத்து, ஊர்ந்துபோய் ஓரங்கட்டிக்கொள் என்று விட்டுவிடும். பெடல் தானாக மிதிபட்டுக் கார் பாய்வதைவிட இது எவ்வளவோ மேல். பாலத்தின் மேல் நிற்கும்போது அப்படித் தோன்றாது, அது வேறு விஷயம்.

புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் பி2138 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, வந்தது. பெடலின் இரு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். "பெடலையே மாற்றிவிடலாம் சார், இந்தக் கோடுக்கு எப்போதும் அதுதான்" என்றார் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். அவர் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. சென்சாருக்குள் இருக்கும் கரித்தடம் தேய்ந்தால் இதே கோடுதான் வரும். ஆனால் இருவருக்குள் தகராறு என்று மட்டுமே கோடு சொல்கிறது. யார் பொய் சொல்கிறார் என்று சொல்வதில்லை. அளந்து பார்க்காமல் பெடலுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் தன் பழைய முள் மீட்டரைக் கொடுத்தார். "டிஜிட்டலில் எண் மாறுவதற்குள் கோளாறு வந்து போய்விடும் தம்பி. முள் என்றால் துடிப்பது தெரியும்." சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், பெடல் கனெக்டரின் பின்பக்கமாகக் குண்டூசியைச் செருகிப் பெடலை மெல்ல மெல்ல அழுத்தினேன். ஒயரின் தோலைக் குத்தவில்லை. குத்தினால் அந்த ஓட்டை வழியே நாளைக்கு ஈரம் இறங்கும். முதல் சென்சார் 0.75-இலிருந்து 3.8 வோல்ட் வரை ஏறியது. இரண்டாவது 0.38-இலிருந்து 1.9 வரை. எங்கும் முள் துள்ளவில்லை. பெடல் மீது குற்றமில்லை.

மிச்சமிருப்பது ஒயர்க்கட்டு. போனில் இரு சென்சார்களின் வோல்ட்டைக் காட்டும் வரைகோடுகளையும் ஓடவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒயரை ஆட்டிக்கொண்டே போனேன். உள்ளே அசைவே இல்லை. பேனட்டைத் திறந்து இ.சி.யு.வின் கனெக்டர் அருகே பிடித்து அசைத்ததும் இரண்டாவது வரைகோடு எகிறியது. கவனிக்க வேண்டியது, அது கீழே விழவில்லை, மேலே ஏறியது. சிக்னல் ஒயர் அறுந்தால் இந்த அமைப்பில் வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கும். மேலே ஏறுகிறது என்றால் எர்த் சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஒயரை அந்த நிலையிலேயே கட்டி நிறுத்தி, இரண்டாவது சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிஜிட்டல் மீட்டரில் அளந்தேன்: 0.25 வோல்ட். முதல் சென்சாரின் எர்த்தில் 0.01 மட்டுமே. காலை எடுத்த நிலையில் 0.38 காட்ட வேண்டிய சிக்னல் 0.61 காட்டியது. சென்சாரின் தடை சுமார் ஆயிரம் ஓம் என்பதால், எர்த் பாதையில் ஐம்பது ஓம் அளவுக்கு எதுவோ குறுக்கே நிற்கிறது என்று கணக்கு வந்தது. ஹெட்லைட் ஒயரில் ஐம்பது ஓம் இருந்தால் பல்பே எரியாது. இங்கே சில மில்லி ஆம்பியர்தான் ஓடுகிறது என்பதால், பாதி வேலை செய்துகொண்டே ஏமாற்றுகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு இ.சி.யு. கனெக்டரைத் திறந்தோம். மற்ற பின்கள் பளிச்சென்று இருக்க, அந்த ஒன்றில் மட்டும் பித்தளைச் செம்பில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பு. பின்பக்கத்து ரப்பர் சீலும் வெடித்திருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கார் நிற்பது வேப்பமரத்தடியில். வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புத் தட்டைத் தூக்கினால், மக்கிய இலை வடிகால் துளையை அடைத்திருந்தது. மழைநீர் அங்கே தேங்கி, ஒயர்க்கட்டின் மேலாக வழிந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது.

களிம்பின் மேல் ஸ்பிரே அடித்து மூடிவிடுவதை அண்ணன் ஏற்கவில்லை. அந்தப் பின்னைக் கழற்றி, கறுத்துப் போயிருந்த ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதிய பின் வைத்து அழுத்தினார். சீலையும் மாற்றினார். இ.சி.யு. பக்கத்து ஊசியைக் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துணியால் மட்டும் துடைத்தார். உப்புத்தாள் பட்டால் மேல்பூச்சு போய்விடும். சைக்கிள் போக்ஸ் கம்பியால் வடிகாலை நான் குத்தி எடுத்தேன். கனெக்டருக்கு முன்பாக ஒயர்க்கட்டைச் சற்றுத் தொங்கலாக வளைத்துக் கட்டினோம், இனி தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இப்போது எர்த்தில் 0.01 வோல்ட். சிக்னல்கள் 0.76, 0.38. முன்கண்ணாடி மேல் ஹோஸைத் திறந்துவிட்டு ஒயரை ஆட்டியபோதும் இரு வரைகோடுகளும் நேராகவே ஓடின. கோளாறுக் குறியீட்டை அழித்த பிறகு திண்டிவனம் வரை போய் வந்தாயிற்று, நடுவில் நல்ல மழையும் பிடித்தது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பெடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேப்பிலை கொட்டும் மாசி, பங்குனியில் அந்தத் தட்டை மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.