நாள் தள்ளிப்போன கணக்கு

சாத்தூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், தான் கருவுற்றிருப்பதாக ஒரு பெண் நேராக வந்து சொன்னது குறைவு. அசதி, தலைசுற்றல், நெஞ்சுக்கரிப்பு என்று வேறொரு பெயரில்தான் அந்தச் செய்தி துணை சுகாதார நிலையத்துக்கு வரும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள் அசதிக்கு வேலையைக் காரணம் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் குமட்டலைப் பித்தம் என்று முடிவுகட்டி, இஞ்சிச் சாறும் சீரகத் தண்ணீரும் குடித்துப் பார்த்து, அதற்கும் அடங்காத நிலையில் மாத்திரை கேட்டு வருவார்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் எந்தத் தொந்தரவோடு வந்தாலும், கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்காமல் மாத்திரை டப்பாவைத் திறப்பதில்லை என்பது எனக்கு நானே வகுத்துக்கொண்ட விதி.

பயிற்சிக் காலத்தில் படித்த அறிகுறிகள் எல்லாம் களத்தில் ஒரே எடை கொண்டவை அல்ல. எங்கள் பக்கம் இரத்தசோகை சாதாரணமாகக் காணப்படுவதால், அசதியை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அடிக்கடி சிறுநீர் கழிப்பது தொற்றாகவும் இருக்கலாம் என்பதால் எரிச்சலும் காய்ச்சலும் உண்டா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். மார்பு கனத்து, தொட்டால் வலிப்பது நல்ல அடையாளம்தான், ஆனால் கேட்காமல் யாரும் அதைச் சொல்வதில்லை. மாதவிடாய் நெருங்கும்போதும் அப்படி வலிப்பதுண்டு. குமட்டல் பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் தொடங்குகிறது. காலையில்தான் வரும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், சாயங்காலம் அடுப்பங்கரைக்குள் நுழைய முடியாமல் தவித்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், வாடை பிடிக்காமல் போவதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். தீப்பெட்டி ஆபீசில் பல வருடங்களாக மெழுகு வாடைக்கு நடுவிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்துப் பழகிய ஒரு பெண், “ஒரு வாரமா அந்த வாசல்ல கால் வைக்க முடியல நர்சக்கா, குடலைப் புரட்டுது. மருந்து எதையும் மாத்திட்டாங்களோ என்னமோ” என்றாள். ஆபீசில் எதுவும் மாறியிருக்கவில்லை. தேதி கேட்டபோது, “போன மாசம்தான்” என்று பொதுவாகச் சொன்னாள். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பதிலுக்குத் திருவிழாவைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஆடி கடைசி வெள்ளிக்குப் போனாயா என்று கேட்டேன். “எங்க போக? அன்னைக்குத்தான வீட்டுக்குத் தூரமாயிட்டேன், எல்லாரும் போனாங்க, நான் மட்டும் வீட்ல கிடந்தேன்” என்றாள். அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவம் வைகாசி முற்பகுதியில் என்று கணக்கு நின்றது. கோவிலுக்குப் போக முடியாமல் போன நாளை ஒரு பெண் எளிதில் மறப்பதில்லை. அதைவிட உறுதியான தேதி எனக்குப் பலமுறை கிடைத்ததில்லை.

இந்தக் கணக்கும் தவறிப்போகும் இடங்கள் உண்டு. கரு கருப்பையில் பதியும்போது, மாதவிடாய் வரவேண்டிய நாளையொட்டி, சிலருக்கு லேசான கசிவு ஏற்படுகிறது. அதை மாதவிடாய் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஒரு மாதம் பின்தங்கிவிடும். ஆகவே, வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை நாள் இருந்தது, துணி மாற்ற வேண்டியிருந்ததா, வழக்கமான அளவுதானா என்றும் கேட்பேன். பால் கொடுக்கும் தாய்மார்கள் இன்னொரு வகை. பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகி மறுபடி கருத்தரிக்க முடியும் என்பதால், இவர்களிடம் தள்ளிப்போக ஒரு நாளே இருக்காது. கைக்குழந்தை திடீரென்று பால் குடிக்க மறுக்கிறது என்று வந்தவர்களுக்கும் நான் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறேன்.

பரிசோதனை அட்டை எளிமையானதுதான், ஆனால் அதற்கும் பொறுமை வேண்டும். காலையில் முதலில் போகும் சிறுநீரே நல்லது. வழியில் இரண்டு டீயும் ஒரு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு வந்து கொடுத்தால் அது நீர்த்திருக்கும். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் அது கோடுதான். அதே நேரத்தில் அட்டையை அப்படியே போட்டுவைத்து அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் காய்ந்த தடம்கூடக் கோடு போலத் தெரியும். நாள் தள்ளியும் கோடு விழாதவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பாமல், சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்வேன், ஏனென்றால் ஆரம்ப வாரங்களில் அட்டை கண்டுபிடிக்கும் கர்ப்பகால ஹார்மோன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. கோடு விழுந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, இரத்தப்போக்கோ, கண் இருட்டலோ இருந்தால் அங்கே யோசிக்க எதுவும் இல்லை. கரு கருப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும் என்பதால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு 108 வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் வராது. எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி மருமகளை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தோடுதான் எனக்கு நீண்ட இழுபறி. அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, கரு கலைவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு தரித்து நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது, அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் ஆவதற்குள். போலிக் அமில மாத்திரையின் முழுப் பயன் அதற்கு முன்னால் தொடங்கினால்தான் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது முக்கியம். மாமியார்களிடம் மூளை, தண்டுவடம் என்று விளக்கியதைவிட இந்தத் தொகையைச் சொன்னபோதே பதிவுக்குச் சம்மதம் சீக்கிரம் கிடைத்தது. பதிவேட்டில் இருப்பதை ஊரில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் உறுதி கொடுத்த பிறகு, அடுத்த வீட்டு மருமகளையும் அவர்களே அழைத்துவரத் தொடங்கினார்கள்.