வேளைக்கு நான்கு சொட்டு

என்னுடைய 46 வயதும் திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளுக்குள்ளேயே கழிந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையில்லை. பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் நடக்கும் தூரம்தான். ஸ்கூட்டர் வாங்கி 11 ஆண்டுகள் ஆகியும், அது ஆனித் திருவிழாத் தேரைப் போல நான்கு வீதிகளையும் சுற்றிவிட்டு நிலைக்கு வந்து நின்றுவிடும். தேராவது ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடி வடம் பிடிக்கச் சுற்றுகிறது; நான் காய்கறிக்கும் பாலுக்குமாக நாள்தோறும் இரண்டு முறை சுற்றினேன். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதாகச் சொல்வார்களே, என் குதிரை பெட்ரோலில் ஓடியது என்பது ஒன்றே வேறுபாடு.

சென்ற ஆண்டு, ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் பாளையங்கோட்டையில் பெண்களுக்கு இலவசமாகக் குரூப் 4 தேர்வுப் பயிற்சி நடத்துபவர்கள், கணக்குப் பகுதியை மாலை நேரத்தில் வந்து நடத்தித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 25 மட்டுமே திறனறிவுக் கணக்குகள் என்றாலும், பலர் மதிப்பெண் இழப்பது அந்த இருபத்தைந்தில்தான் என்று அவர்கள் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் 15 ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் எனக்குச் சதவீதமும் கூட்டு வட்டியும் புதியவை அல்ல. இருந்தும், யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, யோசிக்காமலே இரண்டு வாரம் கடத்தினேன். மாமியாருக்கு மாலையில் மாத்திரை கொடுக்க வேண்டும், டியூஷன் பிள்ளைகள் வருவார்கள், மழைக்காலம் வரப்போகிறது என்று மூன்று காரணங்கள் கையில் தயாராக இருந்தன. மூன்றும் உண்மைதான் என்பதால், அவை சாக்குகள் என்பது எனக்கே பிடிபடவில்லை.

பாளையில் இருக்கும் என் அத்தை தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, மனக்கலக்கங்களுக்குப் பூக்களிலிருந்து எடுத்த சொட்டு மருந்து கொடுக்கும் மலர் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டு, புத்தகங்களைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டார். அவர் வீட்டு அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் விரல் நீளத்தில் 38 பழுப்பு நிறச் சீசாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் அத்தையின் தபால் நிலையக் கையெழுத்தில் ஓர் எண்ணும் ஒரு பெயரும் இருக்கும். பயமாக இருக்கிறது, அதற்கு ஏதாவது கொடுங்கள் என்று நான் கேட்டபோது அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

“ஏளா, பயம்னு ஒத்தச் சொல்லுல சொன்னா நான் எந்தச் சீசாவத் தொறக்க?” என்று கேட்டார்.

இந்த மருத்துவத்தில் பயம் என்பது ஒரு பொருள் அல்ல. அதற்கு மட்டும் ஐந்து சீசாக்கள் உண்டு. இன்னதென்று பெயர் சொல்லக்கூடிய பயத்துக்கு மிமுலஸ். நாய், இருட்டு, கூட்டம், பேருந்து எல்லாம் இதில் அடங்கும். காரணம் சொல்ல முடியாமல் அடிவயிற்றைப் பிசையும் கலக்கத்துக்கு ஆஸ்பென். கைகால் உதறும் பீதிக்கு ராக் ரோஸ், தன் கட்டுப்பாட்டைத் தானே இழந்துவிடுவோமோ என்ற அச்சத்துக்குச் செர்ரி பிளம், தன்னைப் பற்றிக் கவலைப்படாமல் வீட்டார் என்ன ஆவார்களோ என்று தவிப்பவர்களுக்கு ரெட் செஸ்ட்நட். ஐந்தாவதைக் கேட்டதும் என் மாமியாரின் மாலை மாத்திரை நினைவுக்கு வந்தது. என் குணம் அதுதான் என்று சொல்லவும் சொன்னேன். அத்தை விடவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் அவர் என்னைக் கேட்ட கேள்விகளைக் காவல் நிலையத்தில்கூடக் கேட்க மாட்டார்கள். பேருந்து மோதிவிடும் என்று பயமா, அல்லது பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்று பயமா? வகுப்பில் பெண்கள் கேள்வி கேட்பார்கள் என்று பயமா, அல்லது பதில் தெரியாமல் நிற்பதை அவர்கள் பார்ப்பார்கள் என்று பயமா? ஒவ்வொரு கேள்விக்கும் என் பதில் இரண்டாவது பக்கமே சாய்ந்தது.

கடைசியில் அத்தை எடுத்த முக்கியமான சீசா அந்த ஐந்தில் ஒன்றே அல்ல. லார்ச் என்ற மரத்தின் பூவிலிருந்து எடுத்த அது, பயத்தின் பட்டியலில் இல்லாமல் சோர்வின் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. திறமை இருந்தும், தன்னால் ஆகாது என்று முடிவு செய்துவிட்டு முயற்சியே செய்யாதவர்களுக்கு உரியது அது. “நீ பயம்னு சொல்லுதது பாதி பயமே இல்ல, தோத்துப்போவோம்னு மொதல்லயே தீர்ப்பு எழுதி வச்சிருக்க” என்றார் அத்தை. பேருந்துக்காக மிமுலஸ் இரண்டு சொட்டு, தீர்ப்புக்காக லார்ச் இரண்டு சொட்டு, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கப்போகும் உறவினர்களின் வாய்க்காக வால்நட் இரண்டு சொட்டு. வாழ்க்கையின் போக்கு மாறும் காலத்தில் பிறர் பேச்சு தைக்காமல் இருப்பதற்கு வால்நட் என்பது அந்த முறையின் கணக்கு.

இந்த முறையை வகுத்தவர் எட்வர்ட் பாச் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1886-இல் பிறந்து, லண்டனில் நுண்ணுயிரியல் வல்லுநராகவும் பின்னர் ஹோமியோபதி மருத்துவராகவும் பேரெடுத்தவர். நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை 1930-இல் விட்டுவிட்டுக் காடுமேடாகப் பூ தேடிப் போனார் என்பதால், வட்டத்தை விட்டு வெளியே வருவதைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் 1928-இல் முதலில் கண்ட மூன்றில் ஒன்று, ஓடைக்கரை ஈரத்தில் மஞ்சளாகப் பூக்கும் இந்த மிமுலஸ். இன்னொன்று நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லத்தக்க, இமயமலையைப் பூர்வீகமாகக் கொண்ட இம்பேஷன்ஸ். பூக்களை ஊற்று நீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள்; மரப்பூக்கள் பலவற்றை அரை மணி நேரம் நீரில் கொதிக்க வைப்பார்கள். அந்த நீரோடு சம அளவு பிராந்தி சேர்த்தால் தாய்த் திரவம். அதில் இரண்டு சொட்டை எடுத்து மறுபடியும் 30 மில்லி பிராந்தியில் கலந்ததுதான் கடையில் கிடைக்கும் சீசா. முப்பத்தெட்டில் முப்பத்தேழு தாவரங்கள். மீதி ஒன்று வெறும் பாறை ஊற்று நீர்.

பிராந்தி என்ற சொல் எங்கள் வீட்டுப் பூஜையறைச் சுவரைத் தாண்டிக் கேட்டதும் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் கலந்து நான்கு சொட்டு விடும்போது அதில் பிராந்தி இருக்கும் அளவு, பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் இருக்கும் அளவைவிடக் குறைவு என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். உண்மையில், அதில் பூவும் அவ்வளவுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கணக்கு சொல்லிக் கொடுப்பவள் என்பதால், இந்த நீர்த்தல் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்த உடனே எனக்கு நம்பிக்கை குறைந்தது. பாச் மலர் மருந்துகளைப் பற்றி நடந்த சோதனைகளைத் திரட்டி 2009-லும் 2010-லும் வெளிவந்த இரண்டு தொகுப்பாய்வுகள், இவை மருந்தே இல்லாத வெற்றுச் சொட்டைவிட அதிகமாக எதையும் செய்வதற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தன. அந்தச் சோதனைகளில் தேர்வுப் பயத்தைப் பற்றியவையும் உண்டு. அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. தைராய்டு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு, நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு நான்கு சொட்டு என்று 30 மில்லி சீசாவைக் கையில் கொடுத்தார். அதோடு அவர் சேர்த்த ஒரு நிபந்தனை எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்: மாலை வேளைச் சொட்டை வீட்டில் விடக் கூடாது, நேற்று வண்டியை நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் விட வேண்டும்.

முதல் நாள் டவுன் ஆர்ச்சின் அருகில் வண்டியை நிறுத்தி, நாக்கை நீட்டி நான்கு சொட்டு விட்டுக்கொண்டேன். பழ வண்டிக்காரர் ஒருவர், காலரா சொட்டு மருந்தா அக்கா என்று விசாரித்தார். மறுநாள் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு முன்னால், அதற்கடுத்து ஜங்ஷன். மூன்று நாள் ஜங்ஷனிலேயே நின்றேன். அத்தை தொலைபேசியில் எதுவும் கேட்காமல், சொட்டு விட்டாயா என்று மட்டும் கேட்பார். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. பயத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் நின்று பழகுவது உளவியல் சிகிச்சையில் நன்கு அறியப்பட்ட வழி என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. சொட்டுகள் என்ன செய்தனவோ, அந்தச் சீசா என்னை நாளுக்கு ஒரு படி முன்னால் இழுத்தது.

ஜங்ஷனுக்கு அப்பால் சுலோசன முதலியார் பாலம். தாமிரபரணியைப் படகில் கடக்க மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டு அவர் கட்டிய அந்தப் பாலம் 1843-லிருந்து நெல்லையையும் பாளையையும் இணைத்து நிற்கிறது. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் அமைப்பில் கட்டியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். பேருந்தின் ஜன்னலோரத்திலிருந்து நூறு முறை பார்த்தும் இருக்கிறேன். ஆனால் கைப்பிடியை நானே பிடித்துக்கொண்டு, வலது முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் பாபநாசம் பேருந்து உரசிக்கொண்டு போகும்போது, பாலம் இரண்டு மடங்கு நீளமாகிவிடுகிறது. எது நடக்கக் கூடாது என்று இருந்தேனோ அது சரியாகப் பாலத்தின் நடுவில் நடந்தது: வண்டி விக்கி நின்றது. பின்னால் ஹாரன்கள். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்த அழுத்த என் கட்டைவிரல் வழுக்கியது. ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து, வண்டியை இடது ஓரமாகத் தள்ளி, ஓர் உதையில் கிளப்பிக் கொடுத்துவிட்டு, “பைய போங்க அக்கா, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிப் போய்விட்டார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட இருக்காது. 11 ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகச் சுவரோரம் வண்டியை நிறுத்தி அன்றைய சொட்டை விட்டபோது கை நடுங்கி ஐந்தாவது சொட்டும் விழுந்துவிட்டது.

வகுப்பு அடுத்த வாரம் தொடங்கியது. முப்பது பெண்கள் இருந்தார்கள். பாதிப்பேர் என்னைவிட இளையவர்கள், சிலர் என் வயதுக்காரர்கள். பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்து சதவீதக் கூட்டு வட்டி இரண்டு ஆண்டுக்கு எவ்வளவு என்று நானே கேள்வியை எழுதி, பதற்றத்தில் நானே தனி வட்டி கண்டு 2,000 என்று விடையும் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “டீச்சர், வட்டிக்கு வட்டி நூறு ரூபா விட்டுப்போச்சு” என்றாள். எப்படி அவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். “கந்துவட்டி கட்டுன வீட்டுல அது மறக்காது டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள், எனக்குச் சிரிக்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு கரும்பலகையைத் துடைக்காமல், அந்தத் தப்பின் பக்கத்திலேயே 2,100 என்று எழுதி, அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதை அவளையே வந்து விளக்கச் சொன்னேன். அதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது. என்னைத் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்த தீர்ப்பின்படி அன்று நான் தோற்றிருக்க வேண்டும். ஆனால் மணி ஏழான பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

தண்ணீரில் கலந்த சீசா மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. முதல் சீசா தீர்ந்ததும் அத்தை இரண்டாவதைக் கலந்து தரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் பாலத்தைத் தாண்டுகிறேன். மழை பெய்தால் மட்டும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு இன்றைக்கும் பேருந்தில்தான் போகிறேன். அதற்கு எந்தப் பூ என்று போன மாதம் அத்தையிடம் கேட்டேன். மழையில் பேருந்தில் போவதற்குப் பெயர் புத்தி என்றும், அதற்குத் தன் பெட்டியில் மருந்து கிடையாது என்றும் சொல்லிவிட்டு, அத்தை வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.