அம்புக்குறி போட்ட டப்பா

ஃபைனல் இயர் மைக்ரோவேவ் லேப். மைக்ரோவேவ் அலைய உண்டாக்குற கிளைஸ்ட்ரான் குழாய் வச்ச பென்ச் முன்னாடி நாலு பேர் ஒன்றரை மணி நேரமா ரீடிங் வராம முழிச்சிட்டு நின்னோம், ரிப்பெல்லர் வோல்டேஜ திருகிப் பாத்தாச்சு, டிடெக்டர மாத்தியாச்சு, அலைய திரைல காட்டுற சிஆர்ஓல வெறும் கோடு தான். டீ குடிச்சிட்டு வந்த லேப் அண்ணன் பென்ச்ச ஒரு தடவ பாத்தார். "ஏம்ப்பா, ஐசோலேட்டர திருப்பி மாட்டிருக்கீங்க, அம்புக்குறி தெரியல?" அவ்ளோ தான். நாலு ஸ்க்ரூவ கழட்டி திருப்பிப் போட்டதும் அலை வந்துருச்சு.

எல்லாரும் சிரிச்சிட்டு ரீடிங் எடுக்க ஆரம்பிச்சாங்க, எனக்கு மட்டும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. ஐசோலேட்டர்ங்கிறது அலைய ஒரு திசைல மட்டும் விடுற டப்பா. அதுல பவர் சப்ளை கிடையாது, டயோடு கிடையாது, ஒரு அலுமினிய குழாய் மாதிரி இருக்கு. இந்தப் பக்கமிருந்து போனா கிட்டத்தட்ட முழுசா விடுது, அந்தப் பக்கமிருந்து வந்தா 20 டிபி, அதாவது நூத்துல ஒரு பங்கு தான் தேறுது. அதுக்கு எப்படிய்யா திசை தெரியும்?

மாட்டுற விளிம்பு (ஃபிளாஞ்ச்) உடைஞ்சு மூலைல கிடந்த ஒண்ண அண்ணன்கிட்ட கேட்டு வாங்கி எட்டிப் பாத்தேன். உள்ள நடுவுல இல்லாம ஓரமா ஒரு கறுப்புப் பட்டை, அது மேல கார்பன் பூசின அட்டை, குழாய்க்கு வெளிய காந்தம். வேற ஒண்ணுமே இல்ல.

அந்தப் பட்டை தான் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோட மாங்கனீஸ், மெக்னீசியம், நிக்கல்னு எதையாவது கலந்து அழுத்தி ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு எடுக்குறது, செங்கல் சூளை வேலை மாதிரி தான். ஏன் சும்மா இரும்பையே வைக்கக்கூடாதுன்னா, இரும்புல கரண்ட் ஓடும், 10 கிகாஹெர்ட்ஸ் அலை அதுக்குள்ள மைக்ரான் கணக்குல தான் நுழையும், அதோட செத்துரும். ஃபெரைட் காந்தத்துக்கு மசியும், ஆனா கரண்ட விடாது, அதனால அலை உள்ள போய் எலெக்ட்ரான்கள பாக்க முடியுது.

இப்ப பம்பரத்த நினைச்சுக்கோங்க. வேகம் குறையும்போது தலைய சுத்திச் சுத்தி ஆட்டும்ல, காந்தம் பக்கத்துல இருந்தா ஃபெரைட்ல இருக்குற எலெக்ட்ரான் ஸ்பின்னும் அப்படித்தான் ஆடும், காந்தப்புலத்த அளக்குற அலகான ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல, ஒரே திசைல மட்டும். குழாய்க்குள்ள போற அலையோட காந்தப்புலமும், சுவருக்கும் நடுவுக்கும் இடையில ஒரு இடத்துல வட்டமா சுத்துது. அலை முன்னாடி போனா ஒரு பக்கமா சுத்தும், திரும்பி வந்தா எதிர்ப்பக்கமா சுத்தும். பம்பரத்தோட சேர்ந்து சுத்துற அலைய ஃபெரைட் பிடிச்சுக்கும், எதிரா சுத்துறத அவ்வளவா கண்டுக்காது. அலை திரும்பினதுக்காக காந்தம் திரும்பாது பாருங்க, சூட்சுமமே அங்க தான் இருக்கு. எங்க டப்பால இதனால ஒரு திசைல புலம் அந்த அட்டைய விட்டு ஒதுங்கிப் போகும், மறு திசைல அட்டை மேலயே குவிஞ்சு சூடா மாறிரும்.

1948ல பிலிப்ஸ்ல இருந்த டெல்லஜன் இப்படி திசை பாத்து நடந்துக்குற ஒரு உறுப்பு இருந்தா எப்படி இருக்கும்னு பேப்பர்ல எழுதி ஜைரேட்டர்னு பேர் வச்சார். 1952ல பெல் லேப்ஸ்ல ஹோகன் ஃபெரைட்ட வச்சு மைக்ரோவேவ்ல அத செஞ்சே காட்டிட்டார். இந்த ஹோகன் தான் அப்புறம் 1968ல ஃபேர்சைல்டு சிப் கம்பெனிக்கு தலைவரா போனவர்.

சர்குலேட்டர் இதோட அண்ணன். மூணு வாசல், ஒண்ணுல போட்டா ரெண்டுல வரும், ரெண்டுல போட்டா மூணுல, மூணுல போட்டா ஒண்ணுல. ரவுண்டானா மாதிரின்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க, அது பாதி பொய். உள்ள எதுவும் ஊர்வலம் போகல. ஃபெரைட் வட்டுக்குள்ள ரெண்டு எதிரெதிர் சுத்து சேர்ந்து ஒரு நிலையலை நிக்குது, காந்தம் அத 30 டிகிரி திருப்பி வச்சிருது, அதனால மூணாவது வாசல்ல சரியா பூஜ்யம் வந்து விழுது. மூணாவதுல பவர உறிஞ்சுற ஒரு 50 ஓம் லோடு மாட்டினா அதுவே ஐசோலேட்டர். ஆன்டெனாவுல இருந்து திரும்பி வர்ற பவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகாம அந்த லோடுல போய் எரிஞ்சிரும். ரேடார், செல்ஃபோன் டவர், இப்போ குவாண்டம் கம்ப்யூட்டரோட குளிர்பெட்டிக்குள்ள வரைக்கும் இது இருக்கு.

சிப்புக்குள்ள மட்டும் போகல, காந்தத்த எங்க வைக்கிறது? 2016ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஹரிஷ் கிருஷ்ணசாமி குழு (மனுஷன் ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவர்) காந்தமே இல்லாம, டிரான்சிஸ்டர் சுவிட்சுகள நேரம் தள்ளித் தள்ளி திறந்து மூடி சிலிக்கன்ல ஒரு சர்குலேட்டர் செஞ்சாங்க. அருமையான வேலை. ஆனா பெரிய பவருக்கு இன்னும் கறுப்பு வட்டு தான், அதுலயும் வெயில்ல சூடானா காந்தத்தன்மை குறைஞ்சு ட்யூனிங் நகரும்னு தனியா ஒரு தலைவலி.

இப்ப ஆபீஸ்ல சின்ன சர்குலேட்டர்கள டெஸ்ட் பண்றேன். போன மாசம் புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் ஐசோலேஷன் (வேண்டாத வாசலுக்குப் போகாம தடுக்குற அளவு) ஏன் ஆடிட்டே இருக்குன்னு அரை நாள் கேபிள மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தான். பக்கத்துல ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவர வச்சிருந்தான், அத நகர்த்தினதும் நின்னுருச்சு.