அரை மில்லிமீட்டர்

பல்லுக்குக் கிளிப் போடுவதில் பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) ஒட்டுகிற நாள்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய நாள். 1970களில் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஆண்ட்ரூஸின் நேர்க்கம்பி முறை வந்தபிறகு, பல்லுக்கு வேண்டிய பக்கச் சாய்வும் முறுக்கும் (பல் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) பிராக்கெட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டன. கம்பியை வளைக்கும் வேலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிராக்கெட் பிசகினால் பல்லும் பிசகும். மேல்பல்லில் அரை மில்லிமீட்டர் ஈறுப்பக்கம் ஏற்றி ஒட்டினால், கம்பி நேராக நேராக அந்தப் பல் இறங்கி, பக்கத்துப் பல்லைவிட நீளமாக நிற்கும்.

நான் வேலை பார்ப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புத் திட்டு விழுந்த பற்களோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. பசை பிடிக்க, ஒட்டும் முன் எனாமலை (பல்லின் மேல்பூச்சை) அமிலத்தால் சொரசொரப்பாக்குவோம்; இந்தப் பற்களில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலமும் எளிதில் பிடிக்காது. வழக்கமான 30 வினாடிக்கு மேலும் வைக்க வேண்டியிருக்கும். அப்படியும் சில பிராக்கெட்டுகள் கழன்றுவிடும். திரும்ப ஒட்டும்போது பழைய இடத்திலேயே அச்சாக உட்கார வைப்பது லேசில்லை. விளிம்பு தேய்ந்த பல்லாக இருந்தால் இன்னும் சிரமம்: உயரம் அளக்கும் கேஜ் விளிம்பிலிருந்துதானே அளக்கிறது!

சரி, பிராக்கெட்டுகளை முதலில் பல்வரிசையின் மாடலில் ஒட்டி, பல்மேல் பொருந்தும் அச்சான டிரேயோடு எடுத்து வாய்க்கு மாற்றினால்? 1972இலேயே வந்த முறை அது. இன்று ஸ்கேனரும் 3டி பிரிண்டரும் கூடச் சேர்ந்திருக்கின்றன. கன்னம் மறைத்து எச்சில் ஊறும் கடைவாய்ப் பக்கத்தில் அது பெரிய உதவி. பிசகு இவ்வளவு வரை இருக்கலாம் என்று ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் எல்லை 0.5 மி.மீ., 2 டிகிரி. உயரத்திலும் பக்கவாட்டிலும் டிரே பெரும்பாலும் அதற்குள் நின்றுவிடும். முறுக்கில்தான் அதிகம் தவறுகிறது. ஆனால் டிரே செய்வதெல்லாம், மாடலில் நாம் வைத்த இடத்தை வாய்க்குக் கொண்டுவருவதுதான். பல்லின் நடுவை மாடலிலேயே தப்பாகக் கணித்திருந்தால், அந்தத் தப்பும் பத்திரமாக வந்து சேரும். புதிதாக வரும் டாக்டர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பற்கள் ஓரளவு வரிசைக்கு வந்ததும் ஒரு ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) எடுத்து, வேர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்ப்பேன். சாய்வு தப்பாக இருந்தால் அந்தப் பிராக்கெட்டைக் கழற்றி மாற்றி ஒட்டுவேன். "ஏனுங்க டாக்டரம்மா, நல்லா ஒட்டியிருக்கறதை எதுக்குங்க கழட்டறீங்க?" என்று கேட்கும் தாய்மாரிடம் எக்ஸ்ரேயைக் காட்டுவேன், புரிந்துகொள்வார்கள். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கூலியை விட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு நடை பாரம். அதனால் மாற்றி ஒட்ட வேண்டியதை எல்லாம் ஒரே வரவில், எவ்வளவு நேரமானாலும், முடித்துத்தான் அனுப்புகிறேன்.